துணி தேய்க்கப் பிடிக்காதவர்கள் கொடியிலேயே செய்துவிடும் தவறுகள்

துவைப்பதில்கூட அலுப்பில்லை, தேய்ப்பதுதான் ஆகவே ஆகாது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நானும் அந்தக் கட்சிதான். மே மாத ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வியர்க்க வியர்க்க நின்று வாரம் முழுவதற்குமான சட்டைகளைத் தேய்த்து முடிப்பதற்குள் விடுமுறையே முடிந்துவிடும். அதனால் தேய்க்காமல் எப்படிச் சமாளிப்பது என்று பல வருஷமாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கிறேன்.

நாம் பெரும்பாலும் சுருங்கிப்போன துணியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வழி தேடுகிறோம். அப்போது காலம் கடந்துவிட்டது. சுருக்கம் விழுவது துணி ஈரமாக இருந்து காய்கிற அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில். கவனிக்க வேண்டிய நேரமும் அதுதான்.

பருத்தி இழை, செல்லுலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. தண்ணீர் உள்ளே போனதும் இந்தப் பிடி தளரும். காயும்போது துணி எப்படிக் கிடக்கிறதோ அதே வாக்கில் மறுபடி இறுகிக்கொள்ளும். கசங்கிக் கிடந்தால் கசங்கலாக, நீட்டிக் கிடந்தால் நீட்டாக. தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிறோமே, அது இறுகிய பிடியை மறுபடி தளர்த்தத்தான். ஆனால் துவைத்து எடுத்த துணி ஏற்கெனவே அந்த நிலையில்தான் நம் கையில் இருக்கிறது. அந்த வாய்ப்பை எங்கெங்கே கோட்டை விடுகிறோம் என்று பார்ப்போம்.

முதல் தவறு முறுக்கிப் பிழிவது. ஒரு முனையை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் கயிறு திரிப்பது போல முறுக்குவார். தண்ணீர் வடிந்துவிடும், கூடவே குறுக்கும் நெடுக்குமாக நூறு மடிப்பு விழுந்திருக்கும். சட்டை, குர்தி மாதிரியான துணிகளை நான்காக மடித்து உள்ளங்கையால் அழுத்தினாலே போதும். மாடியில் இடம் இருந்தால் பிழியாமலே, சொட்டச் சொட்டத் தொங்கவிடுங்கள். தண்ணீரின் கனமே துணியைக் கீழே இழுத்து நேராக்கிவிடும். செலவே இல்லாத இஸ்திரி இது.

வாஷிங் மெஷினில் இதே முறுக்கல் வேறு விதமாக நடக்கிறது. முன்பக்கக் கதவு உள்ள மெஷின்கள் பலவும் நிமிடத்துக்கு 1200, 1400 சுற்று வேகத்தில் பிழியக்கூடியவை. அந்த வேகத்தில் துணிகள் டிரம் சுவரோடு அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. துண்டுக்கும் போர்வைக்கும் அது சரி. சட்டைகளைத் தனியாகப் போட்டு, வேகத்தை 600 அல்லது 800-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள். காய ஒரு மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். டிரம்மை அடைத்து நிரப்பவும் கூடாது. துணிக்கு மேல் ஒரு கை தாராளமாகப் புகுந்து வரும் அளவுக்கு இடம் வேண்டும். பாலியஸ்டர் கலந்த துணியைச் சுடுதண்ணீரில் துவைக்காதீர்கள். ஏறக்குறைய 70, 80 டிகிரியில் பாலியஸ்டர் இளகத் தொடங்கும். அந்தச் சூட்டில் கசங்கியபடியே ஆறினால், விழுந்த மடிப்பு லேசில் போகாது.

மெஷின் வேலையை முடித்து மணி அடித்த பிறகும் துணியை உள்ளேயே விட்டுவிடுவது பலருக்கும் பழக்கம். சீரியல் முடியட்டும், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு மணி நேரம் போய்விடும். அதுவரை ஒன்றன் மேல் ஒன்று அழுத்திக் கிடக்கும் துணியில் விழுகிற சுருக்கத்தை அப்புறம் எவ்வளவு உதறினாலும் எடுப்பது கஷ்டம். கொடியில் போட ஆள் இருக்கும் நேரம் பார்த்து மெஷினை ஓட விடுங்கள்.

கொடியில் போடும் விதம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசிக் காரியம் இங்கேதான் இருக்கிறது. நம் ஊர்ப் பழக்கம், எந்தத் துணியானாலும் கொடியின் மேல் இரண்டாக மடித்துப் போட்டு, மேலே ஒரு கிளிப். காய்ந்ததும் பார்த்தால் நட்ட நடுவில் கொடியின் தடம் இருக்கும். தோளில் கிளிப் மாட்டினால் அங்கே காது முளைத்தது போலத் துணி தூக்கி நிற்கும்.

ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். தோள்பட்டை இரண்டையும் பிடித்து மூன்று நான்கு முறை பலமாக உதறுங்கள். 'பட் பட்' என்று சத்தம் வர வேண்டும். தடித்த பிளாஸ்டிக் ஹேங்கரில் மாட்டி (மெல்லிய கம்பி ஹேங்கர் தோளில் முட்டிக்கொண்டு நிற்கும், துருவும் ஏறும்) மேல் பட்டனையும் நடுவில் ஒரு பட்டனையும் போடுங்கள். காலரை நேராக மடித்து, இரண்டு முனையையும் விரலால் நீவி விடுங்கள். பட்டன் பட்டியை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து ஒரு இழுப்பு. பாக்கெட்டை உள்ளங்கையால் ஒரு தட்டு. கைப்பட்டியை இழுத்து விட்டால் வேலை முடிந்தது. சட்டைக்கு அரை நிமிடம்தான் ஆகும். அந்தச் சட்டையைத் தேய்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேண்ட்டைத் தலைகீழாகப் போட வேண்டும். தையலோடு தையல் சேர்த்து, கால் முனையில் கிளிப் மாட்டினால், கனமான இடுப்புப் பகுதி கீழே தொங்கி, கால் இரண்டையும் இழுத்துப் பிடிக்கும். டி-சர்ட்டை மட்டும் ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டாதீர்கள். பின்னல் துணி என்பதால் கனத்தில் நீண்டு, கழுத்து தொங்கிவிடும். அக்குள் பகுதி கொடியின் மேல் வருகிற மாதிரி போட்டால் தடம் விழுந்தாலும் வெளியே தெரியாது.

துணிக்குத் துணி இடைவெளியும் வேண்டும். கொடி சின்னது என்று நெருக்கி அடித்தால் மெஷினுக்குள் தப்பித்த சுருக்கம் கொடியில் வந்து விழும்.

வெயில் நல்லதுதானே என்று காலையில் போட்டதைச் சாயங்காலம் வரை விட்டுவிடுவது அடுத்த தவறு. மொறுமொறுவென்று காய்ந்த பருத்தி விறைத்துப்போகும், சாயமும் வெளுக்கும். காய்ந்த உடனே எடுங்கள். எடுத்ததை எடுத்த இடத்திலேயே மடித்துவிடுங்கள். மாடியிலிருந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்து நாற்காலியில் குவித்து, இரண்டு நாள் கழித்து மடிக்கும் வீடுகளில்தான் தேய்க்கும் வேலை மலைபோல் சேர்கிறது. கொடியில் நேராக இருந்த சட்டை அந்தக் குவியலுக்கு அடியில் கிடந்து, மறுநாள் காலை கசங்கி வெளியே வரும்.

சேலை, வேட்டி, கஞ்சி

எங்கள் பாட்டி ஆயுசுக்கும் நூல் சேலைதான் கட்டினார். வீட்டில் இஸ்திரிப் பெட்டி கிடையாது. சேலை லேசான ஈரப்பதத்தோடு இருக்கும்போதே கொடியிலிருந்து எடுத்துவிடுவார். என்னைக் கூப்பிட்டு ஒரு தலைப்பைக் கொடுப்பார். ஆளுக்கொரு முனையில் இரண்டு கரையையும் இறுகப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து இழுப்போம். அப்புறம் ஒரு சுண்டு. சேலை நடுவில் அலை எழும்பி, பட்டென்று நேராகி நிற்கும். கரையோடு கரை சேர்த்து மடித்து, மறுபடி இழுத்து, மறுபடி மடித்து, கடைசியில் கைக்கு அடக்கமாக வந்ததும் மேலே உள்ளங்கையால் தேய்த்துவிட்டு மெத்தைக்கு அடியில் வைத்துவிடுவார். மறுநாள் எடுத்தால் மடிப்புக் கோடுகள் தவிர வேறு சுருக்கம் இருக்காது.

இன்றைக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வேட்டிக்கும் பெட்ஷீட்டுக்கும் இதே முறைதான். இழுக்க இன்னொரு ஆள் இல்லையென்றால் ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் சுற்றிக்கொள்ளலாம். ஜன்னல் கம்பி வேண்டாம், துருக்கறை பட்டால் போகாது. ஈரம் அதிகமாக இருக்கும்போது மட்டும் மெத்தைக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். ஒரே ராத்திரியில் முடை நாற்றம் வந்துவிடும், நாள் பட்டால் கரும்புள்ளி விழும்.

கஞ்சி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். தேய்க்கப் பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே சேலைக்குக் கஞ்சி போடுபவர்கள் தங்களுக்கே வேலை வைத்துக்கொள்கிறார்கள். கஞ்சி காயும்போது இழைகளின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து விறைக்கும். சின்னச் சின்னச் சுருக்கங்களும் அதோடு சேர்ந்து விறைத்துவிடும். அப்புறம் சூடான பெட்டி இல்லாமல் அதைச் சரிசெய்ய முடியாது. விசேஷத்துக்குக் கட்டும் ஒன்றிரண்டு சேலைக்குப் போடுங்கள். தினமும் கட்டுவதற்கு வேண்டாம். கைத்தறிச் சேலை பத்து முறை துவைத்த பிறகு தானாகவே மென்மையாகி உடம்போடு படியும். அப்போது அதில் இருக்கும் சுருக்கம் கண்ணை உறுத்தாது.

கடையிலேயே தொடங்கும் தவறு

துணி எடுக்கும்போது நிறத்தைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், கசங்குமா என்று பார்ப்பதில்லை. ஒரு ஓரத்தை உள்ளங்கைக்குள் வைத்துப் பத்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். எப்படி விரிகிறது என்பதே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடும். லினன் கசங்கத்தான் செய்யும், அதன் இழை விறைப்பானது, மடங்கினால் திரும்பி நிமிராது. கசங்கலோடே அழகு என்று ஏற்றுக்கொள்பவர்கள் மட்டும் வாங்கலாம். ரேயான் குர்திகளைப் பலர் செயற்கை இழை, கசங்காது என்று நினைத்து வாங்குகிறார்கள். ரேயானும் செல்லுலோஸ்தான். பருத்தி போலவே கசங்கும், ஈரத்தில் பலமும் குறையும். அதை முறுக்கவே கூடாது.

பின்னல் துணிகள் நம் பக்கம். திருப்பூர்ப் பனியன் துணியில் நூல் வளையம் வளையமாகக் கோத்திருப்பதால் மடித்தாலும் கசக்கினாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். பருத்தியிலேயே வேண்டும் என்றால் சீர்சக்கர் என்று கேட்டுப் பாருங்கள். சில இழைகளை இறுக்கியும் சிலவற்றைத் தளர்த்தியும் நெய்வதால், கோடு கோடாகப் பொம்மியிருக்கும் துணி அது. பாலும் சர்க்கரையும் என்ற பொருள் கொண்ட பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். சுருக்கமே அதன் நெசவு என்பதால் தேய்க்க வேண்டியதே இல்லை, வெயிலுக்கும் இதம்.

'தேய்க்கத் தேவையில்லை' என்று விற்கும் பருத்திச் சட்டைகளில் ரெசின் என்ற வேதிப் பிசினைப் பூசி, செல்லுலோஸ் சங்கிலிகளை நிலையாகப் பிணைத்திருப்பார்கள். அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் ரூத் பெனரிட்டோ என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகள் இதற்குப் பெரிய அடித்தளம். இந்தப் பூச்சுகள் பலவற்றில் தோலை உறுத்தக்கூடிய ஃபார்மால்டிஹைடு சேர்வதால், புதுச் சட்டையை ஒரு முறை துவைத்துவிட்டே போடுங்கள். குளோரின் பிளீச் படக் கூடாது. கயிற்றில் மடித்துப் போட்டுவிட்டு லேபிளைக் குறை சொல்வதிலும் நியாயமில்லை, அதையும் ஹேங்கரில்தான் காயவைக்க வேண்டும்.

குறுக்கு வழிகளில் சில ஆபத்தானவை. சொம்பில் தணல் போட்டுத் தேய்ப்பது, மெத்தை மேல் வைத்தே அயர்ன் பண்ணுவது, முடி நேராக்கும் கருவியைக் காலரில் ஓட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். பாலியஸ்டர் உருகும், கை வெந்துபோகும். துணிக்கு ஆவி காட்டிச் சுருக்கம் எடுக்கும் ஸ்டீமர் வைத்திருப்பவர்கள் சட்டையை உடம்பில் போட்டுக்கொண்டே ஆவி காட்டாதீர்கள். அதில் போர் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், உப்பு படிந்து துளை அடைத்துக்கொள்ளும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரத் துணியைத் தேய்த்தே காயவைக்கும் வழக்கம் இருக்கிறது. கரண்டும் செலவாகும், முடை நாற்றமும் போகாது. அறைக்குள் ஹேங்கர்களைக் கையகல இடைவெளியில் மாட்டி, ராத்திரி முழுக்க மின்விசிறியை ஓட விடுங்கள். காற்றில் ஆடியபடி காயும் துணி ஓரளவு நேராகவே காயும்.

எல்லாவற்றையும் தேய்த்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தையும் விடலாம். தலையணை உறை, நைட்டி, குழந்தைகள் வீட்டில் போடும் துணி, ஜீன்ஸ், இவற்றை யாருக்காகத் தேய்க்கிறோம்? 2024 மே மாதத்தில் மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகமான சிஎஸ்ஐஆர், திங்கட்கிழமைகளில் தேய்க்காத உடை அணியும் இயக்கத்தில் சேர்ந்திருப்பதாக அதன் தலைமை இயக்குநர் கலைச்செல்வி சொன்னார். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் அவர். ஒரு செட் உடையைத் தேய்த்தால் ஏறக்குறைய 200 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பது அந்த இயக்கத்தார் சொல்லும் கணக்கு. விஞ்ஞானிகள் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போகலாம் என்றால் நம் வீட்டுத் தலையணை உறைக்கு என்ன அவசரம்?

எங்கள் வீட்டில் இப்போது வாரத்துக்கு ஐந்தாறு உருப்படிதான் தேய்க்க வேண்டியிருக்கிறது. பள்ளிச் சீருடை, முக்கியமான கூட்டத்துக்குப் போடும் சட்டை, எப்போதாவது ஒரு பட்டு. அவற்றைத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொடுத்துவிடுகிறோம். உதறி நேராகக் காயவைத்து, மடித்தே கொடுப்பதால் அவருக்கும் ஒரு இழுப்பில் வேலை முடிகிறது. பெட்டி பரண்மேல் இருக்கிறது.