ஓக் கன்றுக்குத் தண்ணீர் சுமக்கும் முன் புல்லை எடுங்கள்

இளம் ஓக் மரக்கன்றைச் சுற்றி 1 மீட்டர் விட்டத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி, ஒட்டு நாடா உரித்த அட்டைப்பெட்டியை விரித்து நன்றாக நனைத்து, அதன்மேல் மரச்சிராயை 7 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். அட்டைகளின் ஓரங்கள் ஒரு சாண் அளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும்; சந்து விட்டால் அங்கேதான் புல் முதலில் தலைநீட்டும். தண்டையொட்டி 10 செ.மீ. மட்டும் வெறும் மண்ணாக விடுங்கள், ஈரச் சிராய் சாய்ந்து கிடந்தால் பட்டை அழுகிவிடும்.

ஓக் ஆணிவேரை ஆழமாக இறக்கினாலும், நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரவுகின்றன. புல்லின் வேரும் அங்கேதான். அடர்ந்த புல்லோடு சின்னக் கன்றால் போட்டி போட முடியாது. மரக்கன்றுகளைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் பலரும் புல்லைக் கத்தரித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வேர் உயிரோடு இருப்பதால் அது மறுபடி துளிர்த்து, முன்போலவே தண்ணீரைக் குடிக்கும். மூடாக்கு புல்லுக்கு வெளிச்சத்தை மறைத்து, மண்ணின் ஈரத்தையும் காக்கிறது. முதல் 3 ஆண்டுகள், ஆண்டுக்கு ஒருமுறை சிராயை மேலே சேர்த்தால் போதும்.

தண்ணீர் தேங்கும் களிமண்ணில் இதைச் செய்யாதீர்கள், வேர் மூச்சுத் திணறும். எலித் தொல்லை உள்ள இடத்தில் மூடாக்கு அவற்றுக்கு மறைவிடமாகும். சிறுகண் கம்பி வலையைத் தண்டைச் சுற்றி 5 செ.மீ. மண்ணுக்குள் இறக்கிய பிறகே போடுங்கள். உதிர்ந்த இலைகள் ஏற்கெனவே மூடிய காட்டுத் தரையில் தானாக முளைத்த கன்றுக்கு இது தேவையே இல்லை.