சரிவான மனையில் செட்டிநாட்டு வீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டு வீடு மட்டத் தரைக்கென்றே உருவானது. முகப்பில் நின்றால் வளவு (முற்றத்தைச் சுற்றிய கூடம்), அதற்கடுத்த இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்தெருக் கதவு வரைக்கும் ஒரே நேர்கோட்டில் தெரியும். அந்தப் பிளானை அப்படியே குன்றக்குடிப் பக்கமோ பிரான்மலை அடிவாரத்திலோ வாங்கிய சரிவான மனையில் இறக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

நேர்கோடு வேண்டுமென்றால் தரை மட்டமாக வேண்டும். உடனே ஜேசிபி வரும். மேல்பக்கம் வெட்டிய மண்ணையே கீழ்ப்பக்கம் கொட்டி நிரப்பிவிடுவார்கள். வெட்டிய பாதி கெட்டித் தரை, நிரப்பிய பாதி இளமண். இரண்டின் மேலும் ஒரே ஆழத்தில் அஸ்திவாரம் போட்டால், சில மழைக்காலங்களில் கீழ்ப்பாதி மட்டும் அமுங்கி, இரண்டும் சேருகிற இடத்தில் சுவர் கோணலாக விரிசல் விடும். அதைப் பூசி மறைப்பதில் பயனில்லை. மனையை வெட்டுவதற்குப் பதில் வீட்டைத் தட்டுத் தட்டாக இறக்குங்கள்: முகப்பு ஒரு தட்டு, நாலைந்து படி இறங்கினால் வளவு, இன்னும் இறங்கினால் பிள்ளைகளின் அறைகள். தெருவிலிருந்து உள்ளே போகப் போக வீடு அந்தரங்கமாகிக்கொண்டே போவதுதான் பழைய வீட்டின் சாரம். அந்த வேலையை இங்கே படிகளே செய்துவிடும். ஒன்று மட்டும்: அப்பத்தாவின் படுக்கையறை, குளியலறை, சாமி அறை, சாப்பாட்டு இடம் எல்லாம் நுழைகிற தட்டிலேயே இருக்கட்டும்.

தட்டுகளின் மண் சரியாமல் பிடித்து நிறுத்தும் தாங்கு சுவரில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவருக்குப் பின்னால் மண் ஊறும்போது, மண்ணோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளும். அது வடிய வழியில்லாவிட்டால் எவ்வளவு தடித்த சுவரும் வயிறு தள்ளும். பின்பக்கம் ஜல்லி நிரப்பி, சுவரில் வரிசையாகக் குழாய்த் துளை விடச் சொல்லுங்கள். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். அதற்கான குழியை வீட்டுக்கு மேல்பக்கம் வெட்டினால், ஊறுகிற தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்கு வரும். கீழ்ப்பக்கத்தில், தாங்கு சுவரை விட்டுத் தள்ளி வெட்ட வேண்டும்.

அடுத்து முற்றம். மட்டத் தரையில் முற்றத்துக்கு மறைப்பே தேவையில்லை. அக்கம்பக்கத்து வீடுகள் ஏறக்குறைய ஒரே உயரம் என்பதால் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. சரிவில் அப்படியில்லை. மேல் தெருவில் போகிறவருக்கு உங்கள் முற்றத்தில் காய்கிற வற்றல் முதல் துணிமணி வரை எல்லாம் தெரியும். குடிவந்த பிறகு இது உறைத்து, அவசரமாகப் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடுகிறார்கள். சூடான காற்று மேலே போக வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். வெப்பத்தை வெளியேற்றத்தான் முற்றம், அதை மூடிவிட்டு ஏசி வாங்குவதில் என்ன இருக்கிறது?

இதைப் பிளான் போடும் முன்பே பார்த்துவிடலாம். முற்றம் வரப்போகும் இடத்தில் நான்கு முளை அடித்துக் கயிறு கட்டுங்கள். நடுவில் நீங்கள் நில்லுங்கள், ஒருவரை மேல் தெருவில் நடக்கவிடுங்கள். அவர் முகம் உங்களுக்குத் தெரிகிற ஒவ்வொரு இடத்திலிருந்தும் உங்கள் முற்றம் அவருக்குத் தெரியும். அந்தப் பக்கமாக அடுப்படி, சாமான் அறை, மாடிப்படி என்று உயரமான பகுதியை வைத்தால் மறைப்பு தானாகக் கிடைக்கும். சரிவு இறங்கும் பக்கம் திறந்திருக்கட்டும்.

மலை தெரிய வேண்டும் என்று ஹாலின் ஒரு சுவரையே கண்ணாடியாக்குகிற ஆசை இப்போது பரவலாக இருக்கிறது. பகலில் சரி. இரவில் விளக்குப் போட்டால் வீடே நகைக்கடை ஷோகேஸ் ஆகிவிடும். மலை மேற்கே இருந்தால் மாலை வெயில் வேறு. வடக்குப் பக்கம் வெயிலே வராது என்று நம்புவதும் தவறு. நம் ஊரில் சித்திரை தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயில் வடக்காகத்தான் சாய்ந்திருக்கும். அங்கேயும் ஆழமான தாழ்வாரம் வேண்டும். காட்சிக்கு, உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வருகிற அகலமான ஜன்னல் போதும்.

மனையைச் சுத்தம் செய்வதிலும் அவசரம் கூடாது. சீமைக்கருவேலை எடுப்பது நல்லதுதான். ஆனால் புரட்டாசியில் மொத்தமாகப் பிடுங்கினால், அடுத்த மாதமே மேல்மண் மழையோடு போய்விடும். பகுதி பகுதியாக எடுத்து, அந்த இடத்தில் உடனே புங்கை, ஆவாரை என்று ஏதாவது வையுங்கள். ஏற்கெனவே நிற்கிற வேம்பைச் சுற்றித்தான் பிளான் வளைய வேண்டும். புல்தரை வேண்டாம், கோடையில் தண்ணீருக்கு எங்கே போவது?

ஆத்தங்குடிக் கல்லை, அதாவது செட்டிநாட்டுப் பூவேலைத் தரைக்கல்லை, வீட்டுக்குள் போடுங்கள், வெளிப்படிகளில் வேண்டாம். கண்ணாடி மேல் வார்க்கப்படுவதால் அதன் முகம் வழவழப்பாக இருக்கும், மழை ஈரத்தில் வழுக்கும். வெளியே கொத்திய கருங்கல்தான் சரி. உள்ளேயும் ஆசிட் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள், நிறம் போய்விடும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குக் கதவு வாங்கும் எண்ணம் இருந்தால், சுவர் எழும்பும் முன்பே வாங்கிவிடுங்கள். அந்தக் கதவு நிலைகள் தடித்த சுவருக்காகச் செய்தவை. 9 அங்குலச் சுவரில் நிலை வெளியே துருத்தும், அப்புறம் கதவை அறுக்கத்தான் வேண்டியிருக்கும்.