கூரையைத் தொடாமல் வீட்டின் உயரத்தைக் கூட்டலாம்: பழைய வீட்டு நிலத்தை இறக்கும் முறை

யுத்தம் முடிந்து மீள்குடியேறி வந்தபோது, வெடித்துக் கிடந்த பழைய சீமெந்து நிலத்தை உடைக்க வசதியில்லாமல் அதன் மேலேயே கிரவல் கொட்டி இன்னொரு நிலம் போட்ட வீடுகள் வன்னியில் இருக்கின்றன. கையைத் தூக்கினால் ஃபானில் படும், உள்ளே உயரம் அவ்வளவு குறைவு. கூரையை உயர்த்தப் போனால் மரம், ஓடு, ஓடாவி கூலி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். அதனால் நிலத்தை இறக்கலாம். கனடாவில் சொந்தக்காரர் பேஸ்மென்ட் நிலத்தை இறக்குவதும் இதே வேலைதான், அங்கே இன்னும் ஆழம்.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். மாரியில் முற்றத்தில் எதுவரை நிற்கிறது? 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது வந்த வெள்ளம் உங்கள் சுவரில் எங்கே கறை விட்டது? புது நிலம் அந்தக் கறைக்கு மேலேதான் இருக்க வேண்டும். அதற்கு இடமில்லையென்றால் இந்த வேலையை விட்டுவிடுங்கள், கூரையைப் பற்றி யோசியுங்கள்.

சரி, இடம் இருக்கிறது. சுவர் ஓரமாக இரண்டடிக்கு இரண்டடி சோதனைக் குழி ஒன்று வெட்டி, அத்திவாரத்தின் அடி எங்கே முடிகிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஓரடி இறக்க ஒன்றரை அடி தோண்ட வேண்டும், ஏனென்றால் புதுக் கொங்கிறீட்டுக்கும் அதன் கீழ்ப் படைக்கும் அரையடி போய்விடும். இப்போதைய நிலத்திலிருந்து மூன்றரை அடியில் அத்திவாரம் முடிந்தால் இரண்டடி மிஞ்சும், பயமில்லை. ஓரடிக்குக் குறைவாக மிஞ்சினால் மேசனை மட்டும் நம்பாமல் ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். அத்திவாரத்துக்குக் கீழே துண்டு துண்டாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டிக் கொங்கிறீட் போடும் வேலை அது, பழகாதவர் கை வைத்தால் சுவர் இறங்கிவிடும். மன்னார் முருங்கன் பக்கத்துக் கரும் களிமண் என்றாலும் பொறியியலாளரைக் கேளுங்கள், அது காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ஊதும்.

இன்னொன்றை எங்கள் மண்ணில் சொல்லாமல் விட முடியாது. வீட்டோடு ஒட்டி வெட்டிய பங்கரை மூடியிருந்தால் அந்த இடத்து மண் இறுகியிருக்காது, அது எங்கே இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நிலத்துக்குக் கீழே கொட்டிய இடிபாட்டுக்குள் துருப்பிடித்த இரும்பு எதுவும் தெரிந்தால் அது வெடிக்காத குண்டாக இருக்கலாம், அலவாங்கை மெதுவாக வைத்துவிட்டு, தொடாமல், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து பொலிசுக்குச் சொல்லுங்கள். சின்னத் துண்டுதானே என்று யாரும் எடுத்துப் பார்க்கவே கூடாது.

தோண்டுவதை ஆடி, ஆவணியில் வைத்துக்கொள்ளுங்கள், கிணற்றுத் தண்ணீரும் அப்போது கீழே போயிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு அறை. நடுவிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வாருங்கள், சுவரோரத்தில் அலவாங்கால் ஓங்கிக் குத்தாமல் மண்வெட்டியால் சீவி எடுங்கள். சுவரில் புது வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். நாலு மூலையும் ஒரே மட்டமா என்பதற்குத் தண்ணீர் நிரப்பிய குழாய் போதும்.

அப்புறம் அடி மண்ணை நனைத்து இடித்து, கறையான் மருந்து அடித்து, 2 அங்குலத்துக்கு 1:3:6 கலவை (சீமெந்து, மணல், கல் என்ற கணக்கில்), அதன் மேல் தடித்த பொலித்தீன், அதன் மேல் 4 அங்குலத்துக்கு 1:2:4 கொங்கிறீட். பொலித்தீனைச் சுவரில் பழைய ஈரத்தடுப்புப் படை வரை, அதாவது மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் கட்டும்போதே வைத்த படை வரை, ஏற்றிவிடுங்கள். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்: நிலம் இறங்கியதும் அந்தப் படைக்குக் கீழே இருந்த சுவர் அறைக்குள் வந்துவிடும், சும்மா பூசினால் முதல் மாரியிலேயே ஈரம் ஊறிப் பூச்சு உதிரும். அந்தப் பகுதிக்கு நீர்த்தடுப்பு மருந்து கலந்த சீமெந்துதான் பூச வேண்டும்.

ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டுத் தண்ணீர் விடுங்கள். முன் வாசல் நிலைக்குக் கீழே விழும் இடைவெளியைக் கல் வைத்துக் கட்டினால் அது படியாக நிற்கும், முற்றத்து வெள்ளமும் உள்ளே தாண்டாது.