டிகிரி முடித்ததும் ஓராண்டு வெளிநாட்டில் தொண்டு: கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைசி செமஸ்டர் முடிந்ததும் "ஒரு வருஷம் வெளிநாட்டுல வாலண்டியரா இருந்துட்டு வந்து அப்புறம் வேலையைப் பார்க்கலாம்" என்று சொல்லும் பிள்ளைகள் மதுரைக் கல்லூரிகளிலும் இப்போது இருக்கிறார்கள். நல்ல எண்ணம். இருபத்தொரு வயதில் முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாதவர்களுக்காக உழைத்துப் பார்ப்பது ஆளையே மாற்றும் என்று நான் நம்புகிறேன். அந்த ஆண்டு வீணாய்ப் போனாலோ, அதனால் யாருக்காவது கெடுதல் நேர்ந்தாலோ மனசு ஆறுவதில்லை. பெரும்பாலான தவறுகள் விமானம் ஏறிய பிறகு நடப்பவை இல்லை. இங்கே வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்கும்போதே நடந்துவிடுகின்றன.

முதல் தவறு, நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் வேலையைத் தேடுவது. பாலி, கென்யா, கம்போடியா என்று படத்தைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். அங்கே என்ன வேலை, அதைச் செய்ய நமக்குத் தெரியுமா, அந்த ஊர்க்காரர்கள் கேட்டார்களா என்பதெல்லாம் பின்னால் வருகிறது. இது ஏன் தவறு என்று புரிந்துகொள்ள மதுரைக்காரர்களுக்கு வெளியே போக வேண்டியதே இல்லை. இப்படி வந்தவர்களை நாம் பல காலமாகப் பார்த்துவருகிறோம். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியோடு சேர்ந்த ஷான்சி அமைப்பிலிருந்து இளம் பட்டதாரிகள் அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் வந்து வேலை பார்த்திருக்கிறார்கள். வழக்கமாக இரண்டு ஆண்டுகள் தங்குவார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கியது. கண்புரை அறுவைக்குப் பின் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து, ஏழைகளுக்கு எட்டாத விலையில் வந்துகொண்டிருந்த காலம். பார்வையிழப்பைத் தடுக்க உழைக்கும் அமெரிக்கத் தொண்டு அமைப்பான சேவாவின் வழியாக வந்த டேவிட் கிரீன், லென்ஸை இங்கேயே தயாரிக்கும் தொழில்நுட்பத்தைக் கொண்டுவர உதவினார். 1992இல் அந்த லென்ஸைத் தயாரிக்கும் அரோலேப் பிறந்தது. எது தேவை என்பது அரவிந்துக்குத் தெரிந்திருந்தது, வந்தவர் அந்தத் தேவைக்குத் தோள் கொடுத்தார். நம் ஊருக்கு வந்தவர்களில் நாம் யாரை நன்றியோடு நினைக்கிறோம், ஏன் நினைக்கிறோம் என்று கொஞ்சம் யோசித்தால் போதும், நாம் போகும் ஊரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பாதி புரிந்துவிடும்.

அடுத்தது நான் மிகவும் கவலைப்படும் விஷயம்: அனாதை இல்லங்களில் வாலண்டியர் வேலை. நல்ல மனசோடு போய் அதிகக் கெடுதல் செய்துவிடக்கூடிய இடம் இது. கம்போடியாவிலும் நேபாளத்திலும் இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். படிக்க வைக்கிறோம், சோறு போடுகிறோம் என்று சொல்லி ஏழைக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்துவிடுகிறார்கள். காசு கட்டிக்கொண்டு வெளிநாட்டவர் வந்துகொண்டே இருக்கும்வரை அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப இல்லம் நடத்துபவருக்கு மனசு வராது. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தபோது இதையும் ஆள்கடத்தலோடு சேர்த்தே பேசியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் குழந்தைகள் உரிமை பற்றிய தீர்மானத்தில் இந்த வகைத் தொண்டுச் சுற்றுலாவால் வரும் கேடுகளைக் குறிப்பிட்டது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு இல்லத்துக்கு மாதம் ஒரு புது வெளிநாட்டுக்காரர் வந்து, மொழி தெரியாமல், பிள்ளைகளைத் தூக்கிவைத்துக் கொஞ்சி, படம் எடுத்துவிட்டுப் போனால் நாம் சும்மா இருப்போமா? 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பதிவு செய்யாமல் குழந்தைகள் இல்லமே நடத்த முடியாது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் புகார் போய்விடும். நம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று நினைப்பதை இன்னொரு நாட்டுப் பிள்ளைகளுக்குச் செய்யக் கூடாது. ஒட்டிக்கொண்டவர்கள் நாலு வாரத்தில் போய்விடுவதை ஒவ்வொரு மாதமும் பார்க்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். குழந்தைகளோடுதான் வேலை செய்ய ஆசை என்றால், பெற்றோரோடு வாழும் பிள்ளைகள் வந்துபோகும் பள்ளி, நூலகம், மாலை வகுப்பு என்று தேடுங்கள். உங்களிடம் காவல்துறைச் சான்று கேட்கிறார்களா என்று கவனியுங்கள். கேட்காமலேயே குழந்தைகளிடம் விடுகிறார்கள் என்றால் அந்த இடம் வேண்டாம். சான்று வாங்குவது பெரிய பாடு இல்லை. பாஸ்போர்ட் சேவா தளத்தில் பிசிசி என்று இருக்கும், அதில் விண்ணப்பிக்கலாம்.

சரி, பணத்துக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரம் ஒன்றைக் கண் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சிரிக்கும் குழந்தைகள், பின்னால் கடற்கரை, "தலைமைப் பண்பு", "உலகை மாற்றுங்கள்", நாலு வாரம், டாலரில் கட்டணம், முடிவில் சான்றிதழ். அடியில் பொடி எழுத்தில், விமானக் கட்டணமும் விசாவும் தனி. அதில் இல்லாதவற்றைப் பாருங்கள். உங்களை ஏற்கும் அமைப்பின் பெயர் இல்லை. காலை எட்டு மணிக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது இல்லை. உங்களுக்கு மேல் பொறுப்பாளர் யார் என்பதும் இல்லை. இதற்காக அம்மாவின் நகை அடகுக்குப் போவதைப் பார்க்கவே சகிக்காது.

காசு கேட்டாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. சின்ன அமைப்புகளால் தங்க இடமும் சாப்பாடும் இலவசமாகத் தர முடியாது, அதற்கு வாங்குவார்கள். அதில் எவ்வளவு அந்த ஊர் அமைப்புக்குப் போகிறது, எவ்வளவு இடையில் இருப்பவருக்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். நேர்மையானவர்கள் பிரித்துச் சொல்வார்கள். "பேக்கேஜ் சார்" என்று மழுப்பினால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காசே கட்டத் தேவையில்லாத வழிகளும் இருக்கின்றன, நம் பிள்ளைகளில் பலருக்கு அவை தெரிவதில்லை. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970இல் உருவானது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரத்தில். 18 முதல் 26 வயது வரையுள்ளவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. விண்ணப்பத்துக்கோ தேர்வுக்கோ ஒரு பைசா வாங்குவதில்லை, மாதா மாதம் வாழ்க்கைச் செலவுக்குத் தொகையும் தருவார்கள். போட்டி கடுமையாக இருக்கும். ஐ.நா. பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவுக்கு வரலாம். வீட்டிலிருந்தே செய்யும் இணையவழித் தொண்டும் அங்கே உண்டு. முதலில் அதில் நாலு மாதம் உழைத்துப் பார்ப்பது நல்ல யோசனை.

ஜெர்மனியில் இன்னும் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. எஃப்எஸ்ஜே என்னும் சமூகத் தொண்டாண்டு 27 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. பிஎஃப்டி என்னும் கூட்டாட்சித் தன்னார்வச் சேவை, கட்டாய ராணுவச் சேவையை நிறுத்திவைத்த 2011இல் தொடங்கியது, அதற்கு வயது உச்சவரம்பு இல்லை. இரண்டிலும் வெளிநாட்டவர் சேரலாம். கைச்செலவுக்குப் பணம், மருத்துவக் காப்பீடு, பன்னிரண்டு மாதத்துக்கு 25 நாள் பயிற்சி வகுப்பு எல்லாம் உண்டு. பல இடங்களில் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்கும். இங்கே நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, இதை ஜெர்மனிக்குள் நுழையும் குறுக்கு வழியாக விற்கும் தரகர்களிடம் லட்சக்கணக்கில் கொடுப்பது. நிறுவனத்துக்கு நேரடியாக எழுதி விண்ணப்பிக்க யாரும் தடை சொல்வதில்லை. இன்னொன்று, வேலை என்னவென்று தெரியாமல் போவது. பெரும்பாலும் முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் இல்லம், மருத்துவமனை. எண்பது வயதுப் பாட்டியைக் குளிக்கவைக்க வேண்டியிருக்கும், உணவு ஊட்ட வேண்டியிருக்கும், வாரம் நாற்பது மணி நேரம் வரை. பாட்டி சொல்வது புரியாவிட்டால் அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். ஏ2 (அடிப்படை) அல்லது பி1 (இடைநிலை) அளவுக்கு ஜெர்மன் எதிர்பார்ப்பது அதனால்தான். கோத்தே நிலையத்தின் ஜெர்மன் மொழித் தேர்வை எழுதச் சென்னையோ கோயம்புத்தூரோ போக வேண்டும். இந்தத் தயாரிப்புக்கே பல மாதம் ஆகும் என்பதால் மூன்றாம் ஆண்டிலேயே மொழியைத் தொடங்கிவிடுங்கள்.

விசா விஷயத்தில் "சம்பளம் இல்லையே, டூரிஸ்ட் விசா போதும்" என்று சொல்பவரை நம்பவே கூடாது. பல நாடுகளில் சம்பளம் வாங்காத வேலையும் வேலைதான். பண்ணையில் வேலை செய்து சாப்பாடும் படுக்கையும் வாங்கினால் அதையே கூலியாகக் கணக்கெடுக்கும் நாடுகள் உண்டு. பிரிட்டனில் பார்வையாளர் விசாவில், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள்தான் வாலண்டியராக இருக்கலாம். அதற்கு மேல் என்றால் தொண்டுப் பணியாளர் விசா, பன்னிரண்டு மாதம் வரை. அழைக்கும் நிறுவனத்துக்கு, வெளிநாட்டவரை அப்படி வரவழைக்க அரசு தரும் ஸ்பான்சர் உரிமம் இருக்க வேண்டும், உரிமம் பெற்றவர்களின் பட்டியலை அந்நாட்டு அரசின் தளத்தில் யாரும் பார்க்கலாம். விசா விதியை மீறிப் பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள்தான், பிறகு மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் அது பின்னாலேயே வரும்.

இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. டேட்டா என்ட்ரி, ஐ.டி. வேலை என்று தாய்லாந்துக்கு வரவழைத்து, அங்கிருந்து மியான்மாரின் மியாவாடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். 2022இல் அங்கே சிக்கி மீண்டுவந்தவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலை என்பதற்குப் பதில் இன்டர்ன்ஷிப், வாலண்டியர் என்று பெயர் மாற்றிக் கூப்பிடுவதற்கு எவ்வளவு நேரமாகும்? போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கொடுத்துவைக்காதீர்கள். வெளிநாட்டில் சிக்கலில் மாட்டிய இந்தியர்களுக்காக வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்னும் புகார் தளம் இருக்கிறது. அதன் முகவரியும் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண்ணும் உங்களிடமும் வீட்டிலும் இருக்கட்டும்.

வீடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னால் நம் ஊரில் என்ன கேட்பார்? "அங்கன போயி என்ன வேலை பார்ப்ப? தங்குறது எங்க? சோறு யாரு போடுவா? ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பாக?" பிள்ளைகள் இதைப் பயம் என்றோ தடை என்றோ எடுத்துக்கொண்டு எரிச்சல்படுகிறார்கள். நாலும் சரியான கேள்விகள். அப்படியே அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலாக எழுதுங்கள், கூடவே இன்னும் இரண்டு: இந்த வேலைக்கு உள்ளூரில் சம்பளத்துக்கு ஆள் கிடைக்காதா? நான் திரும்பிய பிறகு இதை யார் தொடர்வார்கள்? போன ஆண்டு அங்கே இருந்த வாலண்டியர் இருவரோடு பேச வேண்டும் என்றும் கேளுங்கள். பதிலைத் தமிழில் சொல்லி அம்மா அப்பாவிடம் காட்டுங்கள். அவர்களுக்கு நிம்மதி வரவில்லை என்றால், பதிலில் ஏதோ குறைகிறது என்று நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

கையில் திறமை இல்லாமல் போவது இன்னொரு தவறு. சிவில் படித்தவர் ஒரு சுவரைக்கூட நேரில் நின்று கட்டிப் பார்க்காமல் அங்கே பள்ளிக்கூடம் கட்டப் போனால், உள்ளூர்க் கொத்தனாரின் கூலி ஒரு நாள் போவதுதான் மிச்சம். மதுரையில் பழகிக்கொள்ள இடமா இல்லை? 1997இல் தொடங்கிய தானம் அறக்கட்டளை இங்கிருந்துதான் இயங்குகிறது, கண்மாய்ச் சீரமைப்பும் மகளிர் குழுக்களும் அவர்கள் வேலை. அந்த மாதிரி ஓர் அமைப்பில் மூன்று மாதம் களத்தில் நின்று, கணக்கெழுதி, கூட்டத்தில் உட்கார்ந்து பழகியவர் எந்த நாட்டுக் கிராமத்துக்குப் போனாலும் உபயோகமாக இருப்பார். அப்படி இருந்து பார்த்துவிட்டு "எனக்கு இங்கேயே வேலை இருக்கிறது" என்று தங்கிவிட்டால் அதுவும் சந்தோஷமே.

ஆவணங்களில் நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். டிகிரியில் எஸ். கார்த்திக், பாஸ்போர்ட்டில் கார்த்திக் செல்வம், அல்லது குடும்பப் பெயர் கட்டம் காலி. பல நாடுகளின் விசா விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் கட்டாயம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருபவர்களை விட மாட்டோம் என்று அறிவித்தது. பெயரைச் சரிசெய்யும் வேலையை நாள் நெருங்கிய பிறகு வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவின் பல நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால், அங்கீகாரம் பெற்ற மையத்தில் போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் நிலையம் அவற்றில் ஒன்று. தடுப்பூசி போட்டதற்கான அட்டை இல்லாமல் அந்த நோய் உள்ள நாட்டிலிருந்து திரும்பினால், இங்கே வந்து இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பகுதியை முதலில் படியுங்கள். உடலுழைப்பு வேலையில் அடிபட்டால் தர மாட்டோம் என்று பல பாலிசிகளில் இருக்கும். பைக் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டுக்குச் செல்லும். செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் விபத்து என்றால் காப்பீட்டைக் கேட்கவே முடியாது.

கடைசியாக, திரும்பி வந்த பிறகு என்ன என்று யோசிக்காமல் கிளம்புவது. புதிதாகப் படித்து முடித்தவர்களை எடுக்கும் பல நிறுவனங்கள் எந்த ஆண்டு பாஸ்-அவுட் என்று பார்த்தே கூப்பிடுகின்றன. நடுவில் ஓராண்டு விட்டால் சில வாசல்கள் மூடும். அரியர் இருந்தால் முடித்துவிட்டுப் போங்கள். கையில் கேம்பஸ் வேலை இருந்தால் சேரும் தேதியைத் தள்ளித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். டி.என்.பி.எஸ்.சி. எழுதும் எண்ணம் இருந்தால் அந்த ஆண்டின் அறிவிப்புகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிளம்பும் முன் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி நேரம், என்ன பொறுப்பு, யாருக்குக் கீழே. கையெழுத்துப் போட்டவரின் மின்னஞ்சலும் அதில் இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு கம்பெனி அவருக்கு எழுதிக் கேட்டால் பதில் வர வேண்டும் அல்லவா.