சைக்கிள் பயணத்தில் இரவுக் கூடாரம்: பினாங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, மூட்டை முடிச்சோடு தீவைச் சுற்றக் கிளம்பும் புது ஆட்கள் அதே இடங்களில், அதே விதமாக மாட்டிக்கொள்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. டார்ச் லைட், கொசு மருந்து பற்றியெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவற்றைப் பேசுவோம்.

இருட்டிய பிறகு இடம் தேடுவது

ஃபெரி இறங்கும் ஜார்ஜ் டவுனிலிருந்து தீவின் வடமேற்கு மூலையிலுள்ள தெலுக் பஹாங் சுமார் 20 கிலோமீட்டர். வழியில் பத்து ஃபெரிங்கியின் மேடும் வளைவும் சுமை ஏற்றிய சைக்கிளை நன்றாகவே இழுத்துப் பிடிக்கும். சூரியன் இறங்கினால் அரைமணிக்குள் கும்மிருட்டு. ஐந்து மணிக்கே தேடத் தொடங்குங்கள். தெலுக் பஹாங்கில் இடம் அமையவில்லை என்று அந்தி நேரத்தில் பாலிக் புலாவ் மலை ஏறாதீர்கள்.

வற்றிய கடலை நம்பிக் கூடாரம் போடுவது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கடல் வற்றிக் கிடக்கும். மணல் அகலமாக, இறுகி, பாய் விரித்ததுபோல் இருக்கும். பார்த்ததும் கூடாரத்தைப் பிரித்துவிடுகிறார்கள். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம். ஏழுக்கு வற்றியது ராத்திரி ஒன்றேகாலுக்கு உச்சத்தில் நிற்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் மேலே ஏறும். நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், போன வாரம் அங்கே படுத்தவர் சொல்வதை வைத்து முடிவு செய்ய முடியாது.

நனைந்த படுக்கை காய்ந்துவிடும். சைக்கிள் தப்பாது. மணலில் சாய்த்து வைத்த வண்டியின் ஹப்பிலும் (சக்கரத்தின் நடு அச்சு), பாட்டம் பிராக்கெட்டிலும் (பெடல் சுழலும் அச்சு) உப்புநீர் பொடிமணலோடு புகுந்துகொள்ளும். வெளியே துடைத்தால் பளபளக்கும். சில நாள் கழித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் கரகரக்கும். நனைந்துவிட்டால் விடிந்ததும் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பீய்ச்சி அடித்தால் உப்பு இன்னும் உள்ளே போகும். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். முழுகிய ஹப்பைப் பிரித்து, கிரீஸ் மாற்றிய பிறகே தூரப் பயணம்.

கரையிலேயே அடையாளம் இருக்கிறது. காய்ந்த பாசி, சுள்ளி, பாட்டில் மூடி எல்லாம் கோடு போட்டாற்போல் ஒதுங்கியிருக்கும். ஈரக்கோடு இன்றைய ஏற்றம். அதற்கும் மேலே வெளுத்துக் கிடக்கும் கோடு பெரிய ஏற்றம் விட்டுப்போனது. அதையும் தாண்டி, அடம்பங்கொடிக்குப் பின்னால் போடுங்கள். வலை பின்னும் ஆளிடம் "பாசாங் (மலாயில் கடலேற்றம்) எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் சொல்லிவிடுவார். ஆற்றுவாய் ஓரம் வேண்டவே வேண்டாம். மலையில் பெய்த மழையும் கடலேற்றமும் சேர்வது அங்கேதான்.

டுரியான் மரத்தடி

படுக்காதீர்கள். பழம் ராத்திரியிலும் விழும்.

சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைப்பது

விடிந்ததும் குரங்கு வரும். ஜிப்பைத் தேடிக்கொண்டிருக்காது, துணியைக் கிழிக்கும்.

கேட்காமல் தங்குவது

தேசியப் பூங்காவுக்குள் இரவு தங்க முன்னனுமதி வேண்டும். கோயில் வளாகம், சூராவ் (முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடம்), கம்போங் (கிராமம்) திடல் என்றால் பொறுப்பாளரை நேரில் பாருங்கள். கிளம்பும் நேரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்: "ஐயா, ரெண்டு பேரு, ஒரு ராத்திரி மட்டும் கூடாரம் போட்டுக்கலாமா? காலையில ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிடுவோம்." சரி என்றதும் இன்னொன்றையும் கேளுங்கள்: "மழை வந்தா எந்தப் பக்கம் தண்ணி நிக்கும்?" திடல் கண்ணுக்குச் சமமாகத் தெரியும். பள்ளம் எது என்று அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும்.