காளான் கல்ச்சரில் பாக்டீரியா: ஆன்டிபயாடிக் தட்டு போட்டுச் சுத்தம் செய்யும் முறை

சிப்பிக் காளானின் தண்டைக் கிழித்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையை அகர் தட்டில் (கடற்பாசிக் கூழ் ஊற்றி உறையவைத்த தட்டு) வைத்தால் சில நாட்களில் பஞ்சு போல இழை கிளம்பும். மழைக்காலத்தில் பறித்த காளானாக இருந்தால் பல தட்டுகளில் இழையோடு சேர்ந்து பாக்டீரியாவும் கிளம்பிவிடும். ஈரம் ஊறிய சதைக்குள் அது முன்பே குடியிருக்கும். நல்ல ரகம் ஒன்று கிடைத்திருக்கும்போது அதைத் தூக்கி எறிய மனம் வராது. தட்டில் இப்படி வளர்த்த இழையைத்தான் கல்ச்சர் என்கிறோம். அப்படிப்பட்ட கல்ச்சரை மீட்கத்தான், பாக்டீரியாவை அடக்கும் மருந்து கலந்த ஆன்டிபயாடிக் தட்டு.

முதலில், வந்திருப்பது பாக்டீரியாதானா?

பாக்டீரியா என்றால் வழவழப்பாக, பளபளவென்று, வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ படரும். காளான் இழையில் அந்த மினுமினுப்பு இருக்காது. உலர்ந்த வெண்மையாகத் தெரியும். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு நிறத்தில் தூள் தூளாக வந்தால் அது வேறு பூஞ்சை. டிரைக்கோடெர்மா போன்ற பச்சைப் பூஞ்சையை, நாம் இங்கே சேர்க்கப்போகும் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அந்தத் தட்டைத் திறக்காமலே குக்கரில் அவித்து அப்புறப்படுத்துங்கள்.

எந்த மருந்து?

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஜென்டாமைசின் சல்பேட்தான். காரணம் எளிது: இது குக்கர் சூட்டைத் தாங்கும். அகர் கரைசலோடு சேர்த்தே அவித்துவிடலாம். ஸ்ட்ரெப்டோமைசின், ஆம்பிசிலின் போன்றவை சூட்டில் கெடும். அகர் 50 டிகிரிக்கு ஆறிய பிறகு, கிருமி புகாமல் வடிகட்டிச் சேர்க்க வேண்டும். புதியவர்கள் அந்த இடத்தில்தான் தொற்றை உள்ளே விட்டுவிடுகிறார்கள். குளோராம்பெனிகாலும் சூடு தாங்கும், ஆனால் எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. வீட்டில் வேண்டாம்.

ஊசி மருந்தாக வரும் ஜென்டாமைசினை மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கக் கூடாது. ஆய்வகப் பொருட்கள் விற்பவர்களிடம் தூளாக வாங்குங்கள். கண் சொட்டு மருந்தை ஊற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அதில் வேறு பொருட்களும் கலந்திருக்கும்.

கரைசலும் அகரும்

250 மி.லி. அகருக்குத் தேவையான 20 மில்லிகிராமைச் சமையலறைத் தராசில் நிறுக்க முடியாது. அதனால் 1 கிராம் தூளை 100 மி.லி. வாலை வடிநீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 1 மி.லி.யில் 10 மி.கி. இருக்கும். கையுறை, முகக்கவசம் கட்டாயம். புட்டியில் மருந்தின் பெயரும் தேதியும் எழுதி, சாப்பாட்டுப் பொருள் இல்லாத குளிர்பெட்டியில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இனி 250 மி.லி. அகர். தோல் சீவி நறுக்கிய உருளைக்கிழங்கு 50 கிராமை வேகவைத்து, சாற்றை மட்டும் வடிகட்டுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் 5 கிராம், அகர் 5 கிராம் சேர்த்து, தண்ணீர் விட்டு 250 மி.லி. ஆக்குங்கள். அதில் ஜென்டாமைசின் கரைசல் 2 மி.லி. விட்டால் லிட்டருக்கு 80 மி.கி. என்ற கணக்கு வரும். 50 முதல் 100 வரை போதும். கூடுதலாக ஊற்றினால் இழையே மெலிந்து வளரும்.

புட்டியில் பாதிக்கு மேல் நிரப்பாமல், பஞ்சடைப்பின் மேல் அலுமினியத் தாள் சுற்றி, 15 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம் அவியுங்கள். அழுத்தம் தானாக இறங்கட்டும். புட்டியைக் கையில் பிடிக்க முடிகிற சூட்டுக்கு வந்ததும், ஸ்பிரிட் விளக்கின் அருகில் தட்டுகளில் மெல்லியதாக ஊற்றுங்கள்.

டார்டாரிக் அமிலம் சேர்த்து அகரைப் புளிப்பாக்கி பாக்டீரியாவை அடக்குவது தனி முறை. அதை இதோடு கலக்காதீர்கள். புளிப்பில் ஜென்டாமைசின் வலுவிழக்கும்.

கல்ச்சரை மாற்றுவது

மருந்து பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும், இழை அதைத் தாண்டி ஓட வேண்டும். எனவே பாக்டீரியா வட்டத்திலிருந்து மிகத் தள்ளி, இழை புதிதாக ஓடும் விளிம்பிலிருந்து அரிசி அளவுக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். பிளேடைத் தீயில் காட்டி, ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

துண்டை அகரின் மேல் வைப்பதைவிட அடியில் வைப்பது நல்லது. புதுத் தட்டின் ஓரத்தில் அகரைப் பிளேடால் மெதுவாக நெம்பித் தூக்கி, துண்டை அதன் கீழே செருகி, அகரை மறுபடி படுக்க விடுங்கள். காளான் இழை அகரைத் துளைத்து மேலே வரும். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அப்படி வர முடியாது, அடியிலேயே தங்கிவிடும். 25 டிகிரி அளவில் வைத்தால் சில நாட்களில் மேற்பரப்பில் மெல்லிய வெள்ளைப் புகை போல இழை தெரியும். அந்த மேல் இழையை மட்டும், அகரை ஆழமாகத் தோண்டாமல், கொஞ்சம் எடுத்து இன்னொரு ஆன்டிபயாடிக் தட்டுக்கு மாற்றுங்கள்.

மருந்தில்லாத தட்டில் சோதனை

இதைத் தவிர்த்தால் மேலே செய்த வேலை முழுக்க வீண். ஆன்டிபயாடிக் தட்டில் சுத்தமாகத் தெரியும் கல்ச்சரில் பாக்டீரியா அடங்கிக் கிடக்கலாம். வித்து வளர்க்கும் சோளத்துக்குப் போனதும் மருந்து இருக்காது, பாக்டீரியா பொங்கிவிடும். மருந்து சேர்க்காத சாதாரணத் தட்டுக்கு ஒரு துண்டை மாற்றிப் பாருங்கள். கூடவே, அவித்து ஆறிய உருளைக்கிழங்குச் சாறு கொஞ்சம் உள்ள சிறு புட்டியில் ஒரு துண்டு போட்டு வையுங்கள். சாறு தெளிவாகவே இருந்து உள்ளே இழை மட்டும் மிதந்தால் நல்லது. கலங்கினால், துண்டை அகருக்கு அடியில் வைக்கும் வேலையை மறுபடி செய்யுங்கள். இந்தச் சோதனையில் தேறிய தட்டிலிருந்துதான் தாய் வித்து (சோளத்தில் இழையை வளர்த்தெடுக்கும் முதல் விதை) போட வேண்டும்.

சோளப் புட்டியிலோ காளான் படுக்கையிலோ ஆன்டிபயாடிக் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. சாப்பிடப் போகிற பொருள் அது. மேலும், வித்துப் புட்டி நசநசவென்று புளித்துப்போவதற்கு பெரும்பாலும் பாசில்லஸ் வகை பாக்டீரியாவும், சூட்டைத் தாங்கும் அதன் ஸ்போர்களுமே (உறங்கு நிலைச் செல்கள்) காரணம். சோளத்தின் ஈரத்தைச் சரியாக வடித்து, போதிய நேரம் அவிப்பதுதான் அதற்கு வழி.

பயன்படுத்திய தட்டுகளைக் குக்கரில் அவித்தால் கிருமி சாகும், ஜென்டாமைசின் அழியாது. மிச்ச அகரைச் சாக்கடையிலோ எருக்குழியிலோ கொட்டாதீர்கள். மருந்துக்குப் பழகிய பாக்டீரியா அங்கே பெருகும். பையில் கட்டி, காலாவதி மருந்துகளோடு சேர்த்து வீட்டு அபாயக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள்.