தூரத்து வண்டி தள்ளித்தான் வருகிறதா?

சேரன்மகாதேவி – அம்பாசமுத்திரம் ரோட்டில் முன்னால் பஸ் போகிறது, எதிரே தூரத்தில் ஒரு டிப்பர். "தள்ளித்தான வருது, எடுத்திரலாம்" என்று வலது பக்கம் ஏறுகிறோம். எதை நம்பி ஏறுகிறோம் என்று தெரிந்தால் பலர் ஏறவே மாட்டார்கள்.

எதிரே வரும் வண்டியின் வேகத்தைக் கண் நேரடியாக அளப்பதில்லை. நெருங்க நெருங்க அதன் உருவம் பெரிதாகிறது. எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை வைத்துத்தான் இன்னும் எத்தனை நொடி இருக்கிறது என்று மூளை கணிக்கிறது. பிரேக் பிடிப்பதை உளவியலாளர் டேவிட் லீ 1976-ல் இப்படித்தான் விளக்கினார். பக்கத்தில் வந்துவிட்ட வண்டிக்கு இந்தக் கணிப்பு நன்றாகவே உதவும். தூரத்து வண்டியோ பெரிதாவதே தெரியாமல் நின்ற இடத்திலேயே நிற்பது போலிருக்கும்.

நீங்கள் 80 கி.மீ. வேகம், டிப்பரும் 80 என்று வையுங்கள். நொடிக்கு 44 மீட்டர் வீதம் நெருங்குகிறீர்கள். தன் வேகத்தை மட்டும் நினைத்து எதிராளியின் வேகத்தை விட்டுவிடுவது எல்லோரும் செய்கிற தவறு. இரண்டரை மீட்டர் அகல டிப்பர் பெரிதாவது கண்ணுக்குப் பிடிபடுவதே சுமார் 200 மீட்டரில்தான். அப்போது மிச்சம் நாலரை நொடி. ஆனால் 60-ல் போகும் பஸ்ஸை 80-ல் தாண்டி மறுபடி இடப்பக்கம் வர ஏறக்குறைய 9 நொடி ஆகும். அதற்கு 400 மீட்டர் இடைவெளி வேண்டும். முடிவெடுக்கிற நேரத்தில் கண் உங்களை எச்சரிக்கவே எச்சரிக்காது.

அதனால் கண்ணை விட்டுக் கல்லைப் பிடியுங்கள். கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சின்னக் கல் நட்டிருப்பார்கள். வழக்கமாகப் போகிற ரோட்டில் இரண்டு சின்னக் கல் தூரம், அதாவது 400 மீட்டர், எவ்வளவு என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த தூரத்துக்குள் வண்டி தெரிந்தாலோ, வளைவோ மரமோ மறைத்தாலோ பஸ்ஸுக்குப் பின்னாலேயே போங்கள். இரண்டு கல் என்பதும் குறைந்தபட்சம்தான். எதிரே வருவது 100-ல் வந்தால் அதுவும் போதாது.

பைக் விஷயம் இன்னும் மோசம். முக்கால் மீட்டர் அகலம்தான் என்பதால், அதே வேகத்தில் அது பெரிதாவது தெரியும்போது 100 மீட்டர் அருகில் வந்திருக்கும். மிச்சம் இரண்டு நொடி சொச்சம். பெரியது சீக்கிரம் வந்துவிடும், சின்னது வர நேரமாகும் என்று மூளைக்கு ஒரு சாய்வும் உண்டு. நாங்குநேரி பக்கம் நான்குவழிச் சாலையில் மீடியன் இடைவெளியில் திரும்புகிறவர், லாரிக்கு நின்று வழிவிட்டுவிட்டு, பின்னாலேயே வரும் பைக்குக்கு முன்னால் வண்டியை நுழைத்துவிடுவார். ஒருமுறை பார்த்ததோடு திரும்பாதீர்கள். ஒரு நொடி விட்டு மறுபடி பாருங்கள். பைக் எந்த மரத்தைத் தாண்டியிருக்கிறது என்பது வேகத்தைச் சொல்லிவிடும்.

இரவில் அந்த மரமும் தெரியாது. ஒற்றை விளக்கு வெறும் புள்ளி, கிட்டத்தில் வரும்வரை பெரிதாகாது. இரவில் ஒற்றை விளக்கு தெரிந்தால் அது போகட்டும் என்று நின்றுவிடுவதுதான் என் கட்சி. வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் வைத்திருப்பவர்கள் டிரெய்லரின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நடுவில் ஒன்று மட்டும் ஒட்டினால் பின்னால் வருகிறவருக்கு அதுவும் ஒரு புள்ளிதான்.